தானே குடிக்கும் தொட்டி

லூபோர் திஹாவ்ஸ்கியின் வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு மரப்பலகை இருக்கிறது. அதில் இருபது ஆணிகள். ஒரு கோடையில் அவற்றில் பதினேழில் சாவி தொங்கியது என்று சொன்னால், அந்தக் கட்டிடத்தில் இன்று குடியிருப்பவர்களில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பாதிக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அதைப் பற்றிப் பேச அவர்களுக்கு என்ன வந்தது.

எங்கள் ப்ஷெரோவ் ஊரில் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் அடுக்குமாடிக் கட்டிடங்களில் ஆள் நடமாட்டம் இருக்காது. எல்லோருக்கும் காட்டோரத்திலோ மலைச்சரிவிலோ ஒரு குடில் உண்டு. ஒழுகுகிற குடிலானாலும் போய்த்தான் ஆகவேண்டும். கூரை ஏறி ஓடு மாற்ற வேண்டும், புல் வெட்ட வேண்டும், தொத்திறைச்சி சுட வேண்டும், ஞாயிறு மாலை முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரவேண்டும். இதற்குப் பெயர் ஓய்வு. லூபோருக்கும் ஒரு குடில் இருந்தது. விவாகரத்தின்போது வீடு அவருக்கு, குடில் மனைவிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அவர் கூரைக்குப் புதுத் தகரம் போட்டு முடித்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதிலிருந்து சனி ஞாயிறுகளில் அந்த எட்டு மாடிக் கட்டிடத்தில் குழாயைத் திறந்து மூடும் சத்தம் அவர் வீட்டிலிருந்து மட்டும்தான் வந்தது.

ஆள் போகலாம், பால்கனியில் இருக்கும் ஜெரேனியம் பூச்செடி போகமுடியாது. ஆகவே சாவிகள் லூபோரிடம் வந்தன. முதலில் எதிர்வீடு, பிறகு மேல்மாடி, பிறகு ஒருவர் சொல்லி மற்றவர். அவரை நம்பினார்கள். நம்பாமல் என்ன, அந்த ஊரில் பாதி வீடுகளுக்குள் அவர் ஏற்கெனவே போய் வந்தவர். முப்பத்தொரு வருஷம் நகரத் தண்ணீர் நிலையத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. மணியை அடிப்பார். உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வரும். "தண்ணி" என்பார். பெயர் சொல்ல அவசியம் வந்ததே இல்லை. கதவு திறக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குப் போய் டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார். அப்புறம் மீட்டர்கள் வானொலி அலையில் தாங்களே எண்ணை அனுப்பக் கற்றுக்கொண்டன. லூபோரைக் கை குலுக்கி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அந்தச் சாவிக்காலம் நல்ல காலம். அவர் எந்த வீட்டிலும் எந்த இழுப்பறையையும் திறந்ததில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். தண்ணீர் ஊற்றி முடித்ததும் அந்தந்த பால்கனி நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காருவார். அவசரத்தில் கழுவாமல் போட்டுவிட்டுப் போன காபிக் கோப்பை, நாற்காலியில் தொங்கும் சட்டை, குளிர்பதனப் பெட்டியின் மேல் யாரோ பேரப்பிள்ளை வரைந்த குதிரை, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஞாயிறு இரவு சாவிக்காரர்கள் வந்து வாசலில் நின்றபடியே வெள்ளரி ஊறுகாய் ஒரு பாட்டிலோ, காயவைத்த காளான் ஒரு பொட்டலமோ கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தவர் யாரும் இல்லை.

முதலில் மூன்றாம் மாடி ஹைனெக்தான் ஆரம்பித்தான். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், எதையும் இரண்டு மடங்கு சத்தமாகச் சொல்பவன். ஒரு வசந்தத்தில் இரட்டை அடி வைத்த தொட்டிகள் வாங்கி வந்தான். கீழ்த்தட்டில் தண்ணீர், மேலே மண், நடுவே ஒரு திரி. மண்ணுக்கு வேண்டியபோது திரி உறிஞ்சிக் கொடுக்கும்.

"பாருய்யா லூபோர், ஒரு தடவ ரொப்பினா பத்து நாளைக்குக் கவலை இல்ல" என்றான். "இனிமே உனக்குத் தொல்ல இல்ல. சாவிய குடு."

"தொல்லையெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்றார் லூபோர்.

"அட, மரியாதைக்குச் சொல்லாத. எனக்குத் தெரியாதா."

ஹைனெக்குத் தெரியாது. யாருக்குமே தெரியவில்லை. உங்களுக்கு ஏன் சிரமம் என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொருவராகச் சாவியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். ஆறு வருஷத்தில் பலகை காலியானது. லூபோர் ஒருவரிடமும் வாயைத் திறந்து, எனக்கு அது சிரமமில்லை, எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது மட்டும் வரவே வராது.

இந்த வருஷம் பிப்ரவரியில் லிஃப்டுக்குள் ஐந்தாம் மாடி லிபேனா அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். ஐம்பத்திரண்டு வயது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். கணவன் எப்போதோ போய்விட்டான், மகள் டப்ளினில். மலையடிவாரத்தில் யெசெனிக்கில் அவளுடைய அம்மா தனியாக இருந்தார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நான்கு நாள் அங்கே போய் வந்துகொண்டிருந்தாள்.

"லூபோர் சார், நீங்க செடிக்குத் தண்ணி ஊத்துவீங்கன்னு சொன்னாங்க."

"ஊத்துவேன்."

"இது ஜெரேனியம் இல்ல."

"தக்காளியா?"

"கஞ்சா" என்றாள் லிபேனா. "மூணே மூணு செடி. சட்டப்படிதான்."

லூபோர் மாடி எண்கள் மாறுவதைப் பார்த்தபடி யோசித்தார். "அதுக்கும் தண்ணிதானே ஊத்தணும்?"

"தண்ணிதான்."

"அப்ப சரி."

எங்கள் ஊரில் இதற்கு யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. ஒவ்வொரு கட்டிடத்திலும் யாராவது ஒரு பெண்மணி கஞ்சா இலையைப் பன்றிக் கொழுப்பில் போட்டு அடுப்பில் வைத்து முழங்காலுக்குக் களிம்பு காய்ச்சிக்கொண்டுதான் இருப்பார். லிபேனா காய்ச்சியது அம்மாவின் கைகளுக்கு. அந்த அம்மாவின் விரல்கள் கோணி, மூட்டுகள் புடைத்துப் போயிருந்தன. ராத்திரி அந்தக் களிம்பைத் தடவி, பழைய காலுறைகளைக் கைக்குப் போட்டுக்கொண்டு படுத்தால் தூக்கம் வருகிறது என்றார். மருத்துவர் என்ன சொன்னார் என்பது வேறு கதை. அம்மா தூங்கினார், லிபேனாவுக்கு அது போதுமாக இருந்தது.

டப்ளின் போன மகளின் அறையில், அலமாரி உயரத்துக்கு ஒரு கறுப்புத் துணிக் கூடாரம் நின்றது. ஜிப்பைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளிச்சம், சின்ன விசிறி ஒன்று ரீங்காரமிடும், மூன்று துணித் தொட்டிகளில் மூன்று செடிகள் இலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். லிபேனா அவற்றைக் காட்டினாள்.

"மத்த ரகம்னா விளக்க இத்தன மணி எரியவிட்டு இத்தன மணி அணைச்சு, அதை ஏமாத்திப் பூக்க வைக்கணும். இதுக்கு அதெல்லாம் வேண்டாம். விதை போட்ட நாள்லேர்ந்து கணக்கு. வயசு வந்தா தானே பூத்துரும். பதினோரு வாரத்துல கதை முடிஞ்சிரும்."

"நல்ல ரகமா இருக்கே."

"நல்லதுதான், காத்திருக்க மட்டும் தெரியாது. மத்ததுக்கு ஒரு நோவு வந்தா, தேறுற வரைக்கும் பூக்க விடாம நிறுத்தி வைக்கலாம். இதுக்கு ஒரு வாரம் வீணாப் போச்சுன்னா போனதுதான். அதான் தண்ணிய பாத்து ஊத்துங்க. மண்ணத் தொட்டுப் பாக்காதீங்க, மேல் மண்ணு பொய் சொல்லும். தொட்டியத் தூக்கிப் பாருங்க. லேசா இருந்தா ஊத்துங்க. கனமா இருந்தா விட்டுருங்க."

லூபோர் மூன்று தொட்டிகளையும் தூக்கிப் பார்த்தார். முதல் வாரத்திலேயே அவர் கைக்கு அந்தக் கனம் பழகிவிட்டது.

அவள் ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சமையலறை மேசையில் ஒரு தட்டு இருக்கும். மேலே ஒரு கிண்ணம் கவிழ்த்திருக்கும். உள்ளே எலுமிச்சை போட்ட பாபோவ்கா கேக் ஒரு துண்டு. பக்கத்தில் காகிதத்தில் 'லூபோர் சாருக்கு' என்று எழுதியிருக்கும். பதினேழு சாவி இருந்த காலத்திலும் பூட்டிய வீட்டுக்குள் அவர் பெயர் எழுதி யாரும் எதையும் வைத்துவிட்டுப் போனதில்லை. முதல் தடவை அவர் அந்தக் கேக்கைத் தின்ன முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் அறையிலிருந்து விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும், அதுவும் அவருக்குப் பிடித்துப்போனது. பக்கத்து அறையில் யாரோ இருப்பது போலத்தான் இருந்தது.

லிபேனா ஊரில் இருக்கும் நாட்களில் அவர் போகமாட்டார். படிக்கட்டில் பார்த்தால், "ஒரு நாள் காபிக்கு வாங்களேன்" என்பாள். "வர்றேன்" என்பார். எங்கள் ஊரில் இதை எல்லோரும் எல்லோரிடமும் சொல்வார்கள். யாரும் போகமாட்டார்கள், யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். லூபோர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

ஹைனெக் மட்டும் சும்மா இருப்பானா. தபால் பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்திவைத்துச் சீண்டினான். "என்னய்யா, கஞ்சாத் தோட்டத்துக்குக் காவல்காரனாயிட்டியாம்?"

"மூணு செடி, ஹைனெக்."

"அதத்தான் சொல்றேன். எஸ்டேட் முதலாளி."

லூபோருக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் விளைச்சல் மே மாதம் ஆனது. அவருக்கும் முழங்காலுக்கென்று ஒரு சின்ன டப்பா களிம்பு வந்தது. உடனே அடுத்த விதை போட்டாள். செடிகளுக்கு மூன்று வாரம் ஆனபோது, ஜூன் நடுவில், யெசெனிக்கில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். லிபேனா கடையைச் சாத்திவிட்டு நான்கு வாரம் அங்கேயே இருக்கவேண்டியதாயிற்று.

போவதற்கு முதல் நாள் ஒரு அட்டைப் பெட்டியோடு லூபோரின் மணியை அடித்தாள்.

"லூபோர் சார், உங்களுக்குக் குழாய் வேலையெல்லாம் தெரியும்ல? இத மாட்டணும். நாலு வாரமும் உங்கள மேலயும் கீழயும் அலைய விட எனக்கு மனசு வரல."

பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மெல்லிய கறுப்புக் குழாய்கள், மூன்று தட்டுகள், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சின்ன வால்வு. தண்ணீர்த் தொட்டி உயரத்தில் இருக்கும். தட்டில் இரண்டு விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். செடி அடியிலிருந்து உறிஞ்சிக் குடித்துத் தட்டு காய்ந்தால்தான் மறுபடி திறக்கும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். தானே பூக்கும் செடிக்குத் தானே குடிக்கும் தொட்டி. இதில் லூபோர் எங்கே வருகிறார்?

ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் அவர் வேலையைச் சரியாகச் செய்வார். அதுதான் அவருடைய வம்பு. தண்ணீர்த் தொட்டி வைக்கும் ஸ்டூலின் மட்டம் பார்த்தார், குழாய் இணைப்புகளில் வெள்ளை நாடா சுற்றினார், ஒவ்வொரு வால்வையும் மூன்று முறை திறந்து மூடிச் சோதித்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. லிபேனா காபி கொண்டுவந்தாள்.

"உக்காந்து குடிங்க."

"வேலை முடியட்டும்."

நின்றபடியே குடித்தார். வேலை முடிந்ததும் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். பலகையிலிருந்து சாவியைக் கையோடு எடுத்து வந்திருந்தார், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. அவள் வாங்கவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும். ஏதாவது அவசரம்னா. மத்தபடி நீங்க வரவேண்டியதே இல்ல, வெயில்ல ஆத்தங்கரைப் பக்கம் போய் உக்காருங்க."

மூன்று நாள் தாங்கினார். நான்காம் நாள், பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்று போனார். சமையலறை மேசையில் தட்டு இல்லை. இருக்காது என்று தெரியும், வரவேண்டியதில்லை என்று சொல்லப்பட்டவருக்கு யார் கேக் வைப்பார்கள்? தெரிந்தும் முதலில் மேசையைத்தான் பார்த்தார். பிறகு கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தார். செடிகள் நன்றாக இருந்தன. மேல் மண் மட்டும் வெளுத்துக் காய்ந்து கிடந்தது.

அடியிலிருந்து தண்ணீர் குடிக்கும் செடிக்கு மேல் மண் காய்ந்துதான் கிடக்கும். லூபோருக்கு அது தெரியாதா? அந்த வால்வை மாட்டியவரே அவர்தான். ஆனால் விரல் மண்ணைத் தொட்டது. தொட்ட விரல் 'காய்ந்திருக்கிறது' என்றது. மனசும் அதைத்தான் கேட்கக் காத்திருந்தது. பூவாளியில் அரை லிட்டர் பிடித்து மூன்றுக்கும் பிரித்து ஊற்றினார். பிறகு விசிறிச் சத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார், பழைய வழக்கம். ஒரு வாரம் ஆகியும் தண்ணீர் கோட்டைவிட்டு ஒரு இழைகூட இறங்கவில்லை. டப்பா வேலை செய்யவில்லை, நல்லவேளை நான் வந்தேன் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேலே ஊற்றிய தண்ணீர் தட்டில் இறங்கி நிற்கிறது, தட்டு காயாதவரை வால்வு திறக்காது என்பதை அவர் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்க நிறையப் பாடுபட்டார் என்பதுதான் உண்மை.

லிபேனா ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

"செடியப் போய்ப் பாத்தீங்களா?"

"எப்பவாவது" என்றார் லூபோர். "நல்லா இருக்கு."

"பாவம், உங்களுக்கு லீவு விட்டேன்னு பாத்தா விடாமப் போறீங்க. அம்மா இன்னிக்குக் கரண்டி பிடிச்சாங்க. களிம்பு டப்பா அடி தட்டிருச்சு. இந்த விளைச்சல் வந்தா குளிர்காலம் ஓடிரும்னு சொல்லிட்டே இருக்காங்க."

"வரும், வரும்."

இரண்டாம் வாரம் இலைகள் துவள ஆரம்பித்தன. துவண்ட இலையைப் பார்த்தால் யாருக்கும் தாகம் என்றுதான் தோன்றும். அவர் அதிகமாக ஊற்றினார். தொட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவருக்கு அந்தக் கனம் தெரியும், கைக்குப் பழகிய கனம். பதினெட்டு நாள் தினமும் போனார், ஒருநாளும் தூக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் கூடாரத்துக்குள் கடுகளவு கறுப்புப் பூச்சிகள் பறந்தன. எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க, நடுத் தொட்டியை நகர்த்தப்போனார். கை அதை உயர்த்தியபோது தோள்வரை இழுத்தது. ஈரச் சாக்கு மாதிரி இருந்தது. அடியில் அழுகல் நாற்றம். லூபோர் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு மகளின் பழைய கட்டிலில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது.

அதன்பிறகு ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தார், நடுச்செடியின் மஞ்சள் இலைகளைக் கிள்ளினார். ஊறிப்போன மண்ணிலிருந்து கசிந்த நீரில் தட்டுகள் கடைசிவரை காயவில்லை. நடுச்செடி செத்துப்போயிற்று, மற்ற இரண்டும் சாகவில்லை. ஆனால் வளரவும் இல்லை, கணுக்கால் உயரத்தில் நின்றுவிட்டன. அப்படியே வயதும் வந்துவிட்டது. தேறட்டும் என்று அவை காத்திருக்கவில்லை. அந்தக் குச்சித் தண்டுகளின் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளை மயிர் அரும்பிப் பூத்தன. அம்மாவின் ஒரு விரலுக்குக்கூட அது போதாது.

ஜூலை நடுவில் லிபேனா வந்தாள். படியேறி வரும்போதே அவர் வாசலில் நின்றாள், களைத்த முகம், கையில் ஒரு பை நிறைய யெசெனிக் ரொட்டி. "வாங்க, செடியப் பாக்கலாம்" என்று அவரையும் மேலே கூட்டிப்போனாள். லூபோர் என்னென்னவோ வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தார், லிஃப்டில் ஏறியதும் எல்லாம் மறந்துபோயிற்று.

லிபேனா ஜிப்பைத் திறந்து பார்த்தாள். பிறகு குனிந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள்.

"பாருங்க. ரொப்பி வெச்சது அப்படியே இருக்கு. வால்வு திறக்கவே இல்ல. குப்ப டப்பா." எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "என் புத்தியத்தான் சொல்லணும். பேசாம உங்ககிட்டயே விட்டுட்டுப் போயிருக்கணும். அடுத்த தடவ இந்தக் கண்றாவி எல்லாம் வேண்டாம், லூபோர் சார். நீங்களே ஊத்துங்க. முன்ன மாதிரி."

முன்ன மாதிரி. ஆறு வருஷமாக அந்தக் கட்டிடத்தில் யாராவது அவரிடம் சொல்லமாட்டார்களா என்று அவர் ஏங்கிய வார்த்தை. அவர் எதுவும் செய்யவேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். சாவி ஆணியிலேயே இருக்கும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மேசையில் கிண்ணம் கவிழ்த்த தட்டு இருக்கும், காகிதத்தில் அவர் பெயர் இருக்கும். சாட்சிக்குத் தொட்டி நிறையத் தண்ணீரும் இருந்தது.

"டப்பா மேல தப்பு இல்ல" என்றார் லூபோர்.

"பின்ன?"

"தட்டு காஞ்சாத்தான் அது திறக்கும். நான் காய விடல. தினமும் வந்து மேல ஊத்தினேன்."

லிபேனா அவரையே பார்த்தாள். "நான்தான் வரவேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

"தூக்கிப் பாக்கலையா?"

"இல்ல."

"ஏன்?"

லூபோர் விசிறியைப் பார்த்தபடி நின்றார். "தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும். அப்புறம் இங்க வர்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது" என்றார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே யாரோ குப்பைத் தொட்டி மூடியை அறைந்து சாத்தினார்கள். அவள் பேசியபோது குரல் உயரவில்லை, அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அம்மாகிட்ட நான் என்ன சொல்றது? பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொழுது போகலன்னா?"

லிபேனா எழுந்து கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நான் இல்லாத நாளெல்லாம் வந்திருக்கீங்க. நான் வீட்ல இருந்தப்ப ஒரு நாளாவது வந்தீங்களா? எத்தன தடவ கூப்பிட்டேன்."

"வேலை இல்லாம எப்படி வர்றது" என்றார் லூபோர். அவருக்கு அது உண்மையிலேயே தெரியாது.

லிபேனா கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

கொடுத்தார். கீழே வந்து பலகையைப் பார்த்தார். இருபது ஆணியும் காலி. அன்றைக்குச் சமைக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்திருந்த காகிதங்களைக் குப்பையில் போடப் போய், போடாமல் திரும்ப வைத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவளைப் படிக்கட்டில்கூடப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதபடி நடந்துகொண்டார். ஹைனெக் ஒருமுறை, "என்னய்யா முதலாளி, எஸ்டேட் எப்படி?" என்றான். "வித்தாச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை மதியம் கட்டிடம் வழக்கம்போல் வெறிச்சோடிக் கிடந்தது. லூபோர் பால்கனியில் நின்றபோது மேலேயிருந்து வானொலிச் சத்தம் கேட்டது. ஐந்தாம் மாடி. அவள் ஊருக்குப் போகவில்லை. அவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றினார். கருவிப் பெட்டியை எடுத்தார், வைத்துவிட்டார். பூவாளியை எடுத்தார், அதையும் வைத்துவிட்டார். வெறுங்கையோடு படியேறினார். லிஃப்டில் போனால் சீக்கிரம் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அவள் கதவுக்கு முன்னால் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நிமிர்ந்தபோதுதான், இன்னும் மணியே அடிக்கவில்லை என்பது உறைத்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் காலுறையோடு நின்றார். திரும்பிப் போக வேண்டுமானால் மறுபடி குனிந்து செருப்பு மாட்டவேண்டும், முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது. மணியை அழுத்தினார்.

வானொலி நின்றது. காலடிச் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"யாரு?"

அந்தக் கேள்விக்கு முப்பத்தொரு வருஷமாக அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"லூபோர்" என்றார்.



"என்ன விஷயம்?"

விஷயம் என்று ஒன்றைத் தேடிப்பார்த்தார். கையில் எதுவும் இல்லை.

"ஒண்ணும் இல்ல" என்றார். "சும்மாதான் வந்தேன்."

தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்வரை காலுறையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.